விசில் அடிக்கக் கூடாத அரங்கு

ராயபுரத்தில் எங்கள் சந்தில் என்னைவிடச் சத்தமாக விசில் அடிக்க ஆள் கிடையாது. இது பெருமை இல்லை, தகவல். இரண்டு விரலை மடித்து நாக்குக்கு அடியில் வைத்து ஊதினால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாடு திரும்பிப் பார்க்கும். துறைமுகத்தில் எனக்கு வேலை கிடைத்ததே அதனால்தான். கப்பலின் அடிக்கிடங்கில் சரக்கைக் கயிற்றில் கட்டி முடித்ததும், மேலே வின்ச் ஓட்டுகிறவனுக்கு "தூக்கு" என்று தெரிவிக்க ஒருவன் வேண்டும். மற்றவர்கள் கையை ஆட்டுவார்கள், தொண்டை கிழியக் கத்துவார்கள். நான் ஒரு விசில் விட்டால் போதும்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய காலத்தில் துறைமுகத்தில் வேலை படுத்துவிட்டது. அப்போது ராணுவத்தில் துறைமுக வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நான் கலியாணம் ஆகாதவன், அப்பா அம்மா இல்லாதவன், எழுதப் படிக்கத் தெரிந்தவன். போய்ச் சேர்ந்தேன். முதலில் எகிப்து, பிறகு இத்தாலியில் ஒரு துறைமுகம். அந்த ஊரும் நம்ம ஊர் மாதிரிதான், மீன் வாடையும் கரிப்புகையும். பாதிக் கப்பல்கள் தண்ணீருக்குள் கவிழ்ந்து கிடந்தன என்பதுதான் வித்தியாசம்.

ஒரு நாள் ஒரு அதிகாரி வந்து, "கயிறும் கப்பியும் நன்றாகத் தெரிந்தவன் யார்?" என்று கேட்டார். நாலு பேரைப் பிடித்து அனுப்பினார்கள். ஏதோ கப்பல் என்று நினைத்துப் போனோம். கொண்டுபோய் நிறுத்திய இடம் ஒரு பாட்டு நாடக அரங்கு. முன்பக்கக் கூடம் குண்டு விழுந்து மண்ணாகிக் கிடந்தது. உள்ளே மட்டும் ஒரு கீறல் இல்லை. அதைப் பிடித்திருந்த எங்கள் ராணுவம் சிப்பாய்களுக்கு நாடகம் போட வேண்டும் என்றது. பாடுகிறவர்கள் கிடைத்துவிட்டார்கள். மேலே நின்று திரைகளை ஏற்றி இறக்குகிற கயிற்றுக்காரர்களைத்தான் யுத்தம் தின்றுவிட்டிருந்தது.

எங்களில் மூன்று பேர் ஒரு வாரத்தில் துறைமுகத்துக்கே திரும்பி ஓடிவிட்டார்கள். "அய்யே, உள்ள போனா முதுகுல யாரோ குந்திக்கின மாதிரி கீது. எனுக்கு வாணாம்பா இந்த பேஜாரு" என்றான் காசிமேட்டுக்காரன் ஒருவன். நான் தங்கினேன். எனக்கும் முதுகில் ஆள் உட்கார்ந்திருந்தது உண்மைதான், ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த அரங்கின் கதையை அங்கே எல்லோரும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு ராஜா அதைத் தன் அரண்மனைச் சுவரை ஒட்டிக் கட்டினானாம். அவனுக்குப் பாட்டென்றால் கொட்டாவி வரும். இருந்தாலும் ஊரிலேயே பெரிய அரங்கு ராஜாவுடையதாக இருக்க வேண்டாமா? பிறகு ஒரு தீயில் சுவரைத் தவிர எல்லாம் போயிற்று. ஒரு வருஷம் முடிவதற்குள் பழையபடி எழுப்பிவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்குக் கட்டினதில் அவ்வளவு பெருமை இல்லை, எரிந்ததைத் திரும்ப எழுப்பினதில்தான் பெருமை. அங்கே தரை பெருக்குகிறவள்கூட "நாங்கள் கட்டினோம்" என்பாள், நேற்று மாலைதான் செங்கல் சுமந்து இறக்கிவிட்டு வந்த மாதிரி.

உள்ளே குதிரை லாடம் போல வளைந்து ஆறு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் சின்னச் சின்ன மாடங்கள், சிவப்புத் துணியும் தங்கப் பூச்சுமாக. மேடைக்கு நேர் எதிரே, நடுவில், ராஜாவின் மாடம். மற்ற மாடம் ஒவ்வொன்றிலும் சுவரில் ஒரு கண்ணாடி சாய்த்து மாட்டியிருந்தது. முகம் பார்க்க என்று நினைத்து நான் ஒன்றில் தலையைச் சீவப் போனேன். என் முகம் அதில் தெரியவில்லை. காலி நாற்காலி ஒன்று தெரிந்தது. ராஜாவின் நாற்காலி. அந்தக் காலத்தில் ராஜா கை தட்டாமல் வேறு யாரும் தட்டக் கூடாதாம். அவன் தட்டுகிறானா என்று திரும்பிப் பார்ப்பதும் மரியாதை இல்லை. அதற்காகத்தான் கண்ணாடி. ராஜாக்கள் போய் எத்தனையோ காலம் ஆகியும் கண்ணாடியை யாரும் நிமிர்த்தவில்லை. பகலில் தனியாக அந்த அடுக்குகளைச் சுற்றி வந்தால், கண்ணாடிக்குக் கண்ணாடி அந்தக் காலி நாற்காலி கூடவே வரும். எனக்கு மயிர்க்கூச்செறியும். ஆனாலும் மறுநாளும் சுற்றுவேன்.

சத்தம் இன்னொரு விசித்திரம். சுவரெல்லாம் மரம். மேடையில் ஒரு ஆணி விழுந்தால் ஆறாம் அடுக்கில் கேட்கும். மேடையில் எழுகிற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். மேடைக்கு மேலே இருட்டில் நாங்கள் நின்ற கயிற்றுப் பரணில் யாராவது இருமினால் அதற்குத் திசையே இருக்காது. எல்லா மாடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் யாரோ இருமின மாதிரி கேட்கும். அந்த ஊரில் எல்லோரும் அங்கே பேய் இருக்கிறது என்றார்கள். தீயில் போன பழைய அரங்கின் பேய் என்பார்கள். அதை யாரும் பயந்து சொல்லவில்லை, வீட்டில் ஒரு பெரியப்பா இருக்கிறார் என்கிற தோரணையில் சொன்னார்கள்.

பரண் மேடைக்கு இரண்டு பக்கமும் உண்டு. இந்தப் பக்கம் நான். எதிர்ப்பரணில் அந்த ஊர்க்காரன் ஒருவன். என் வயசு, கலியாணமாகி இரண்டு குழந்தைகள். அவனுடைய அப்பாவும் அதே பரணில் கயிறு பிடித்தவர், அதற்கு முன் பாய்மரக் கப்பலில் இருந்தவர். எனக்கு அவன் பாஷை வராது, அவனுக்கு இங்கிலீஷ் நாலு வார்த்தை. முடிச்சு போட்டுக் காட்டிக்கொண்டோம். நான் ராயபுரத்து முடிச்சு ஒன்று போட்டால் அவன் அவிழ்த்துப் பார்த்துத் தலையாட்டுவான். பிறகு அதைவிட நல்லதாக ஒன்று போட்டு என் பக்கம் எறிவான், திமிர் பிடித்தவன்.

முதல் நாளே அவன் எனக்கு ஒரு விதி சொன்னான். விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்தான், கயிற்றை விடுகிற மாதிரி கையை விரித்தான், பிறகு தன் உச்சந்தலையில் ஓங்கித் தட்டிக்கொண்டு நாக்கை வெளியே தள்ளினான். போகப் போக விவரம் புரிந்தது. கீழே உட்கார்ந்து நாடகம் பார்க்கிறவன் விசில் அடித்தால், அந்த நாட்டில் அது பாடுகிறவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். மேலே பரணில் அடித்தால் அது கொலை. அந்தக் காலத்தில் கயிறு பிடிக்க மாலுமிகளைத்தான் கூப்பிடுவார்கள், அவர்களுக்குக் கட்டளையெல்லாம் விசிலில்தான். இப்போது கீழே ஒருவன் கைக்குட்டையை ஆட்டுகிறான். ஆனாலும் அப்பனிடம் தொழில் கற்ற கை விசிலைக் கேட்டால் மூளையிடம் கேட்காமலே கயிற்றை விட்டுவிடும்.

எனக்கு அது தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மதிய ஆட்டம். கீழே முழுக்கச் சிப்பாய்கள், மாடங்களில் ஊர்ப் பெரிய மனிதர்கள், ராஜாவின் மாடத்தில் ஒரு பெரிய அதிகாரி. பாடினவள் நாற்பது தாண்டிய, கனத்த உடம்புக்காரி. யுத்தத்தில் வீடு இழந்து, ராணுவக் கம்பளியைத் தைத்துக் கோட்டாகப் போட்டுக்கொண்டு ஒத்திகைக்கு வருவாள். பாதி நாள் பட்டினி. அவள் அன்று என்ன பாடினாள் என்று எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. என் அம்மா செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழுததில்லை. பாட்டு முடிந்தது. ஒரு கைதட்டல் இல்லை. அதிகாரி ஏதோ யோசனையில் சும்மா உட்கார்ந்திருந்தார். மாடக்காரர்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள், சிப்பாய்களுக்கு அது முடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. அவள் நடு மேடையில் தனியாக நின்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடப்பாவிகளா, இதற்கு மேல் ஒருத்தி என்னத்தைக் கொடுப்பாள்? ராயபுரத்துக் கொட்டகையாக இருந்தால் கூரை பறந்திருக்கும். என் விரல்கள் தானாக வாய்க்குள் போயின.

அந்த விசிலை நான் விட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை. ஆறு அடுக்கும் சேர்ந்து அடித்த மாதிரி இருந்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் எதிர்ப்பரணைப் பார்த்தேன். அடுத்த காட்சிக்கு இறக்க வேண்டிய திரை, பெரிய மரக்கட்டையில் கட்டி மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் தன் பக்கத்துக் கயிற்றை முளையிலிருந்து கழற்றி, கைக்குட்டைக்காகத் தயாராகப் பிடித்திருந்தான். அவன் கை விரிந்ததைப் பார்த்தேன். கட்டை அவன் பக்கம் சாய்ந்து அவள் தலைக்கு நேராக இறங்கியது.

ஓடுகிற கயிற்றைப் பிடிக்கக் கூடாது. அதை முளையில் ஒரு சுற்றுச் சுற்றினால் நிற்கும், விரல் உள்ளே மாட்டினால் விரல் போகும். துறைமுகத்தில் எந்தக் கலாசிக்கும் இது தெரியும், அவனுக்கும் தெரியும். பிடித்தான், சுற்றினான். கட்டை அவள் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றது. அவன் கத்தவே இல்லை. நான்தான் கத்தினேன். மூன்று விரல் போயிற்று என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாள் காலை விசாரணை. மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி, பக்கத்தில் காகிதம். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "விசில் அடித்தது யார்?"

"தெரியாது சார்."

இதற்கு நான் ஆயிரம் சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ராணுவச் சிறை, நாடு திரும்ப முடியாது, அது இது. பயம், அவ்வளவுதான். வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. அதிகாரி, "அப்படியானால் தப்பு கயிற்றை விட்டவன் மேல்தான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் எங்கள் பிரிவை வேறு ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். விரல் போன ஒருவன், என் வாயால் வேலையும் இழந்தானா? பெண்டாட்டி பிள்ளையோடு தெருவில் நிற்கிறானா? இது தெரியாமலே ஊர் வந்து சேர்ந்தேன்.

துறைமுகத்தில் பழைய வேலைக்கு வா என்றார்கள். சைகை கொடுக்கிற வேலை வேண்டாம், மூட்டை தூக்குகிறேன் என்றேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்த்தார்கள். பாரிமுனை பஸ்ஸில் கண்டக்டர் விசில் அடித்தால் நான் நிமிர்ந்து கூரையைப் பார்ப்பேன். ரயில் ஷண்டிங் விசிலுக்கும் வானத்தைப் பார்ப்பேன். ஒரு சமயம் தண்டையார்பேட்டையில் ஒரு கடலைக்காய் கிடங்குக்கு மூட்டை அடுக்க அனுப்பினார்கள். மூட்டைகளைக் கூரை வரைக்கும் அடுக்கி, நடுவில் காற்றுக்காக அங்கங்கே இடம் விடுவார்கள். ஒரு நடுப்பகலில் நிமிர்ந்து பார்க்கிறேன், ஆறு அடுக்கு, அடுக்கடுக்காக மாடம், எல்லா மாடத்திலும் யாரோ எனக்காகக் காத்திருக்கிறார்கள். மூட்டையைப் போட்டுவிட்டு வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்துவிட்டேன். கலியாணம் ஆன பிறகு வீட்டில் என் மனைவியின் சின்னக் கண்ணாடி ஆணியில் சாய்ந்து தொங்கும். நான் நிமிர்த்துவேன், அது சாயும், மறுபடி நிமிர்த்துவேன். "அத்த இன்னாத்துக்குய்யா நோண்டிக்கினே கீற?" என்பாள்.

அவளுக்குத் தெரிய வந்தது ஒரு டூரிங் கொட்டகையில். மாட்னி ஆட்டம். ஹீரோ வந்தான், நாலு பக்கமும் விசில் பறந்தது. நான் அவள் கழுத்தைப் பிடித்துக் கீழே அமுக்கி, அவள் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். கொட்டகையே சிரித்தது. அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு வெளியே நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"இப்ப சொல்லு. இன்னா கீது உன் மன்சுல?"

சொன்னேன். அரங்கு, பரண், விசில், விரல், மேசை எல்லாம். முடித்ததும் கேட்டாள்:

"அவன் கை பூட்ச்சு. நீ வாய மூடிக்கினு கப்பல் ஏறிட்ட. அப்டித்தானே?"

"ஆமா."

"த்தூ."

இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அவன் பொண்டாட்டி புள்ள இன்னா துன்னுதோ, எங்க கீதோ. நீ கண்ணாடிய நிமித்திக்கினு கீற. ஒயுங்கா எய்திப் போடு, நான்தான் அடிச்சேன்னு. போனது போவட்டும், அவன் பேராவது சுத்தமாவட்டும்."

யாருக்கு எழுதுவது? தபாலில் போட விலாசம்கூடத் தெரியாது. ஆனால் யுத்தம் முடிந்த பிறகு இத்தாலிக் கப்பல்கள் நம் துறைமுகத்துக்கு வர ஆரம்பித்திருந்தன. ஒன்றில் அந்த ஊர்க்காரன், இங்கிலீஷ் தெரிந்த ஒரு மாலுமி அகப்பட்டான். நான் அரங்கின் பெயரைச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்து, "நாங்கள் கட்டினது!" என்றான். சந்தேகமே இல்லை, அசல் அந்த ஊர்க்காரன். துறைமுக ஆபீஸில் எனக்குத் தெரிந்த குமாஸ்தா ஒருவரிடம் சொல்லி இங்கிலீஷில் கடிதம் எழுதி வாங்கினேன். அரங்கின் மேலாளருக்கு. அன்று விசில் அடித்தவன் நான். கயிறு பிடித்தவன் மேல் குற்றமில்லை. அவனை வேலையை விட்டு எடுத்திருந்தால் திரும்பக் கொடுங்கள். எழுதி முடித்துவிட்டு குமாஸ்தா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இத்தனை வருஷம் கழிச்சு இது தேவையாப்பா?" என்றார். தேவை என்றேன். மாலுமிக்கும், எனக்குத் தெரிந்த ராணுவ இங்கிலீஷையெல்லாம் போட்டு, கையால் நடித்து, முழுக்கதையையும் விளக்கினேன்.

கப்பல் போனது. அடுத்த பத்து மாதம் நான் இருந்த இருப்பு எனக்கே வெட்கமாக இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகிறவன் முதலில் என்ன கப்பல் வந்திருக்கிறது என்று பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் அவள், "வன்ட்டானா?" என்பாள். "இல்ல." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. மன்னிப்பு வரும் என்று நான் உள்ளுக்குள் நம்பினேன். எழுதிவிட்டேனே, அதற்குமேல் என்ன என்று ஒரு நினைப்பு.

வந்தான். துறைமுக கேட்டுக்கு வெளியே டீக்கடையில் என்னை உட்கார வைத்து, சட்டைக்குள்ளிருந்து என் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தான். உறை பிரிந்திருந்தது.

மேலாளரிடம் கொடுக்க அரங்குக்குப் போயிருக்கிறான். வாசலில் யாரிடம் வழி கேட்பது? ஆறாம் அடுக்குச் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஒருவன் நின்றிருக்கிறான். வலது கையில் இரண்டே விரல்.

அவனுக்கு வேலை போகவில்லை. விசாரணையில் அவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னானாம்: விசில் அடித்தது பேய். சத்தம் எங்கிருந்து வந்தது என்று அங்கே இருந்த ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பாடகியும் அதையே சொல்லியிருக்கிறாள். எல்லா மாடத்திலிருந்தும் வந்ததே, மனுஷனால் முடியுமா என்று. அந்த அரங்கின் பேய்க்குக் கீழ்ப்படிந்தவனைத் தண்டிக்க அந்த ஊரில் எவனுக்குத் துணிச்சல் உண்டு? கயிறு பிடிக்க முடியாதவனுக்கு மேல் அடுக்குகளின் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து அரங்கைப் பார்க்க வருகிறவர்களை மேலே கூட்டிப்போய், கண்ணாடியைக் காட்டுவான், ராஜாவின் நாற்காலியைக் காட்டுவான். பிறகு பரணைக் காட்டி, விசில் அடிக்கிற பேயின் கதையைச் சொல்லி, கையைத் தூக்கிக் காட்டுவான். பெண்கள் அலறுவார்களாம். அந்தக் கதையைக் கேட்கவே வருகிறவர்கள் உண்டாம். அவன் குடும்பம் அதில்தான் சாப்பிடுகிறது.

மாலுமி கடிதத்தை அவனுக்குப் படித்துச் சொல்லியிருக்கிறான். அவன் கேட்டுவிட்டு, மேலாளர் அறைக்குப் போகிற படிக்கட்டின் குறுக்கே வந்து நின்றுகொண்டானாம்.

"எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றானாம். "நேர் எதிரே நின்றேன். வாயில் விரல் வைத்ததைப் பார்த்தேன். நான் வாயைத் திறந்திருந்தால் அவனைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். மறுநாள் அவனே சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சரி. இப்போது சொல்லி என்ன ஆக வேண்டும்? அடித்தது மனுஷன் என்று தெரிந்தால் நாளைக்கு நான் தெருவில். எனக்கு அந்தப் பேய்தான் வேண்டும், அவன் வேண்டாம். போய்ச் சொல்."

மாலுமி இதை என் முகத்தைப் பார்க்காமல், டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மன்னித்தானா என்று நான் கேட்டேன். அவன் தோளைக் குலுக்கினான். அந்தப் பேச்சே வரவில்லையாம்.

பெயர் எதையும் போடாமல் இதை எழுதுகிறேன். எந்த ஊர் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம், கேட்டாலும் சொல்லமாட்டேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் "வன்ட்டானா?" என்றாள். கடிதத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவையும் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கடிதத்தை வாங்கி அடுப்பில் போட்டாள், அது எரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்காத ஒரு மெல்லிய குரலில் சொன்னாள்:

"அப்ப நீ செத்தவனாவே இருந்துட்டு போ, மாமா. அவன் புள்ளைங்க துன்னட்டும்."